கத்தரிக்கோலுக்குப் பயப்படாத கொடி

நேயர்களுக்கு வணக்கம். தொங்கும் தொட்டியில் வளர்க்க ஏதாவது ஒரு செடியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இலையின் மேல்பக்கம் நீளவாக்கில் இரண்டு வெள்ளிப் பட்டைகள், திருப்பிப் பார்த்தால் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா. உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு பால்கனியில் தொங்கிக்கொண்டிருக்கும். நர்சரியில் இதை 'வாண்டரிங் ஜூ', அதாவது 'அலையும் யூதன்' என்பார்கள். யூதர்களை இழிவுபடுத்தும் பழைய ஐரோப்பியக் கதை ஒன்றிலிருந்து வந்த பெயர் என்பதால் அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டிரேடஸ்காண்டியா ஜீப்ரினா என்பது தாவரவியல் பெயர், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த டிரேடஸ்கன்ட் என்ற அப்பா, மகன் இருவரின் நினைவாக வைத்தது, இரண்டு பேருமே தோட்டக்காரர்கள். செடிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஆனால் இதன் சொந்தக்காரன் நம் வயல் வரப்பிலேயே கிடக்கிறான், கானாவாழை. இரண்டும் ஒரே குடும்பம். மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் இறக்குகிற குணம் இரண்டுக்கும் உண்டு.

என்னிடம் வருகிற புகார் எப்போதும் ஒன்றுதான். வாங்கி வந்தபோது பந்து மாதிரி இருந்தது, ஆறு மாதத்தில் நடுவில் மொட்டையாகி வால் மட்டும் நீளமாகத் தொங்குகிறது என்பார்கள். நோய் ஒன்றும் இல்லை. இந்தக் கொடி நுனியில்தான் வளரும், அடி இலைகள் வயதாகிக் காயும், அதுதான் வழக்கம். அதோடு நாம் தொட்டியைக் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறோம், வெளிச்சம் கொடியின் மேல் படுகிறது, தொட்டியின் தலையில் படுவதில்லை, அங்கே புதுத் துளிர் எப்படி வரும்? ஒரு முழமாவது இறக்கி மாட்டுங்கள். காலை வெயில் கிடைக்கிற இடம் நல்லது. இருட்டில் வைத்தால் ஊதா மங்கும், கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். அக்னி நட்சத்திர மதிய வெயிலில் விட்டாலோ இலை கருகிவிடும்.

அப்புறம், வெட்டுங்கள். அழகாகத் தொங்குகிறதே, எப்படி வெட்டுவது என்று தயங்குகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தண்டில் முழங்கால் மூட்டு மாதிரி கொஞ்சம் புடைத்திருக்கும் இடம்தான் கணு. அதற்குச் சற்று மேலே வெட்டினால், மிச்சமிருக்கும் தண்டின் கணுவிலிருந்து புதுக் கிளை கிளம்பும். வெட்டிய துண்டின் அடி இலையை உரித்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கணு முழுகும்படி வையுங்கள். சில நாளில் கணுவிலிருந்து குழந்தைக்குப் பால் பல் எட்டிப் பார்ப்பது மாதிரி வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. வேர் ஓர் அங்குலம் வந்ததும், ஐந்தாறு துண்டுகளை அதே தொட்டியின் மொட்டை இடத்தில் நட்டுவிடுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மண்புழு உரம், இது போதும். உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

தண்ணீரில்தான் பலரும் செடியைக் கொல்கிறார்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் தட்டில் தேங்குகிற தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் தண்டு அழுகுவது பெரும்பாலும் அதனால்தான். இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளையையே நறுக்கி எடுத்துவிடுங்கள்.

இதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், நாய், பூனைகளுக்கும் அப்படித்தான். வீட்டில் அவை இருந்தால் கொடியை எட்டாத உயரத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகளை வாய்க்கால் ஓரத்திலோ காலி மனையிலோ வீசாதீர்கள். ஒரு கணு போதும், ஈர நிழலில் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இது காட்டுக்குள் புகுந்து தரையை மூடி, அந்த மண்ணின் செடிகளை முளைக்கவிடாமல் செய்கிற களை. அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை முறத்தில் பரப்பி, சருகாக நொறுங்கும்வரை வெயிலில் காயவிட்டு, அதற்கப்புறம் உரக்குழியில் போடுங்கள். எங்கள் மாடியில் இன்று காலையில் வெட்டியது ஒரு முறம் நிறைய காய்ந்துகொண்டிருக்கிறது. வணக்கம்.