குதிரைக்குச் சினை பிடித்தால் தமிழில் எப்படிச் சொல்வது? | கிராஞ்சி வ்லாக்

வணக்கம் மக்களே. கிராஞ்சி பந்தய மைதானத்துக்கு வெளியே நிற்கிறேன். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி இங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. இங்கே ஓடிய குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பண்ணைகளில் பிறந்தவை, அதனால் சிங்கப்பூரில் குதிரை ஓடுவதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர், பிறப்பதைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அதைப் பேசத் தமிழில் சொல்லே இல்லை என்று நினைக்கிறார்கள். நிறைய இருக்கிறது.

முதலில் ஆங்கிலத்தில் சொல்லும் 'மெய்டன்' (maiden). பந்தயத்தில் அது இன்னும் ஒரு தடவைகூட ஜெயிக்காத குதிரை, ஆணாக இருந்தாலும் மெய்டன்தான். பண்ணையில் அதே சொல் இதுவரை கன்று ஈனாத பெட்டைக்கு. ஆக, கன்னி என்று எழுதினால் இரண்டு இடத்திலும் தப்பு.

எனக்குக் கோபமே வருவது பண்ணையில் பெட்டையைச் சொல்லும் 'பாரென்' (barren) என்பதை மலடு என்று எழுதும்போது. போன பருவத்தில் பொலிகுதிரையிடம் விட்டும் சினை பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், அடுத்த வருஷமே அது கன்று போடலாம். மலடு என்றால் ஆயுளுக்கும் முத்திரை குத்தியதாகிவிடும். ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் 'இந்தத் தடவை சினை நிற்கலை' என்பார்களே, அது எவ்வளவு சரியான சொல்!

சினைக்காலம் கிட்டத்தட்ட 11 மாதம், சுமார் 340 நாள். ஆனால் தேதியை நம்பி யாரும் தூங்கப் போவதில்லை, மடியைத்தான் பார்ப்பார்கள். நியூசிலாந்தில் வைக்காட்டோ பக்கம் ஒரு பண்ணையில் டார்ச் அடித்துக் காட்டினார்கள்: இரண்டு காம்பு நுனியிலும் மஞ்சளாக, மெழுகு சொட்டி உறைந்த மாதிரி ஒரு துளி. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும் என்றார்கள். அடுத்த நாள் ராத்திரியே ஈன்றது. ஒரு மணி நேரத்துக்குள் கன்று நாலு காலும் நடுங்க எழுந்து நின்றது, அப்புறம் மடியைத் தேடிச் சீம்பால் குடித்தது, நஞ்சுக்கொடியும் மூன்று மணி நேரத்துக்குள் விழுந்ததும்தான் பண்ணைக்காரர் உட்கார்ந்தார்.

புக்கிட் தீமா லாயத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்கு வீடியோ அனுப்பினேன். நான் 'குட்டி' என்று எழுதியிருந்தேன். தொல்காப்பியம் குதிரையின் இளமைக்குக் கன்று என்றும், பெண்ணுக்குப் பெட்டை என்றும்தான் சொல்கிறது. தாத்தா அதையெல்லாம் படித்தவர் இல்லை. உடனே போன் போட்டு அவர் கேட்டது, "பெட்டைக் கன்னாடா?"

ஆமாம் தாத்தா, பெட்டைக் கன்றுதான்.