நெஞ்சடிப்பும் கொயினாவும்

வன்னி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஆக்கள் இப்போது வானொலிக்குப் பக்கத்தில் இருந்தால், கொயினாவின் கசப்பை நான் விளக்கத் தேவையில்லை. நாக்கு அதை மறந்திருக்காது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கசப்புத் தெரியாது, தெரியாமல் இருப்பதும் நல்லது. ஆனால் கொயினா எடுக்கிற அந்த மரப்பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. தாறுமாறாக ஓடுகிற நெஞ்சடிப்பைச் சில வேளைகளில் அது ஒழுங்குக்குக் கொண்டுவரும். அதிலிருந்து தொடங்கிய ஒரு மருந்துக் குடும்பத்தைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

செனாக் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1749இலேயே இந்தப் பட்டையை நெஞ்சுப் படபடப்புக்குப் பரிந்துரைத்து எழுதி வைத்தார். பிறகு அது மறந்து போயிற்று. திரும்ப அதைக் கண்டுபிடித்தவர் வைத்தியரே இல்லை, ஒரு வியாபாரி. 1912இல் வென்கபாக் என்ற ஒல்லாந்து இதய வைத்தியரிடம் அவர் போகிறார். நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. மேலறைகள் நடுங்குகிற நோய், இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோமே, அது. இதை நிறுத்த மருந்து கிடையாது, ஆனால் உயிருக்கு ஆபத்தும் இல்லை என்று வைத்தியர் ஆறுதல் சொல்கிறார். வியாபாரிக்கு அது போதவில்லை. நான் கணக்குவழக்கை ஒழுங்காக வைத்திருப்பவன், என் இதயமும் ஒழுங்காக இருக்க வேண்டாமா, இதைச் செய்ய முடியாவிட்டால் இதய வைத்தியர் எதற்கு என்று கேட்டாராம். பிறகு, இதை நானே நிறுத்துவேன், நாளைக் காலை பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்தார். நாடி மணிக்கூடு மாதிரி அடித்தது.

என்ன செய்தார்? மலேரியா உள்ள நாடுகளில் கொயினா எல்லாவற்றுக்கும் விழுங்கப்படுகிற மருந்து. இங்கே தலையிடி என்றாலும் மேல் நோ என்றாலும் பனடோல் போடுகிறோமே, அப்படி. அந்தப் பழக்கத்தில் ஒரு முறை படபடப்பு வந்த நேரம் ஒரு கிராம் கொயினா எடுத்தார், அரை மணித்தியாலத்துக்குள் அடங்கியது. அதிலிருந்து அதுவே அவருடைய வைத்தியம். வென்கபாக் மற்ற நோயாளர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார், சிலருக்கு மட்டும்தான் வேலை செய்தது. ஆனாலும் 1914இல் அதை எழுதி வைத்தார். 1918இல் ஜேர்மனியில் ஃபிரே என்பவர் அதே பட்டையில் உள்ள சரக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொயினாவை விட அதன் உடன்பிறப்பான குயினிடின் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார். நோயாளி சொல்வதை வைத்தியர் நம்பாவிட்டாலும் குறித்து வைக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

சரி, அது எப்படி வேலை செய்கிறது?

இதயத்தின் ஒவ்வொரு கலத்துக்கும் வெளியே சோடியம் நிறையக் கிடக்கிறது, உள்ளே கொஞ்சம். வெளியே ஏறக்குறைய 140 என்றால் உள்ளே 10. இரணைமடுக் குளம் நிரம்பிக் கிடக்க வாய்க்கால் காய்ந்து கிடக்கிற மாதிரி. நடுவில் துருசு, அதாவது மதகு, இருக்கிறது. துடிப்பு வந்து தட்டினால் அந்தத் துருசு ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும். ஆனால் இந்தத் துருசுக்கு இன்னொரு மூடியும் உண்டு. திறந்த சில மில்லிசெக்கனுக்குள் உள்ளேயிருந்து ஓர் அடைப்பான் வந்து வாயை அடைத்துவிடும். கலம் பழைய ஓய்வு நிலைக்குத் திரும்பும் வரை அந்த அடைப்பான் விலகாது. அதுவரை யார் தட்டினாலும் திறக்காது. நமது மருந்துகள் போய் உட்காருவது இந்தத் துருசின் தொண்டையில்தான்.

துடிப்பு ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது? மாரியில் குளக்கட்டு உடைப்பெடுக்கப் பார்க்கிறது என்றால் ஊர்ச்சனம் வரிசையாக நின்று மண்மூடையைக் கைக்குக் கை மாற்றும். அதே மாதிரித்தான். கொடுத்த கை உடனே அடுத்த மூடையை வாங்க ஏலாது, கொஞ்சம் ஆற வேண்டும். அந்த அடைப்பான் விலகுகிற நேரம்தான் கை ஆறுகிற நேரம். வரிசை நேராக நின்றால் மூடை கட்டில் போய் விழும், வேலை முடிந்தது. ஆனால் வரிசை வளைந்து வட்டமாகி, கடைசி ஆள் முதல் ஆளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால்? முதல் ஆளின் கை ஆறியிருந்தால் அவர் அந்த மூடையைத் திரும்ப வாங்குவார். பிறகு அது சுற்றிக்கொண்டே இருக்கும். இதயத்தில் நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடுகிற பல நெஞ்சடிப்புகள் இப்படிச் சுற்றுகிற ஒற்றை மூடைதான்.

இப்போது மருந்து வருகிறது. துருசை அரைவாசி அடைக்கிறது, எல்லோர் கையும் தளர்கிறது. வட்டத்தில் ஏற்கெனவே களைத்துப்போன ஓர் ஆள் நின்றால் அவர் கையில் மூடை விழுந்துவிடும், சுற்று அறும். அது நாங்கள் விரும்புவது. ஆனால் யாருடைய கையிலும் விழாமல், வரிசை முழுவதும் மெதுவாகிறது என்று வையுங்கள். மூடை ஆறுதலாக வருகிறது. ஒவ்வொருவருக்கும் கை ஆற நேரம் கிடைக்கிறது. அப்போது சுற்று நிற்காது, முன்னையை விட உறுதியாகச் சுற்றும். திரும்பச் சொல்கிறேன், கொஞ்சம் பிந்தி இது தேவைப்படும்: மெதுவாக்கினால் சுற்று அறவும் கூடும், நிலைக்கவும் கூடும்.

இந்த மருந்துகளை மூன்று பகுதியாகப் பிரிப்பார்கள். வோன் வில்லியம்ஸ் என்ற ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் போட்ட பாகுபாட்டிலிருந்து வந்தது. பெயர்களை விடுங்கள். மருந்து துருசில் எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறது என்பதுதான் விஷயம். லிக்னோகேயின் என்ற ஊசி மருந்து ஒரு செக்கனுக்குள் எழும்பிவிடும். பிளெக்கைனைட் என்ற குளிசை மருந்து பத்துச் செக்கனுக்கு மேலும் இருக்கும். குயினிடின் நடுவில், அது கை ஆறுகிற நேரத்தையும் நீட்டும். நாடி நிமிடத்துக்கு 75 என்றால் இரண்டு அடிக்கு இடையில் 0.8 செக்கன். அதற்குள் லிக்னோகேயின் பெரும்பாலும் எழும்பிப் போய்விடும், அடுத்த அடிக்குத் துருசு திறந்திருக்கும். நாடி 180 என்றால் இடைவெளி மூன்றில் ஒரு செக்கன். எழும்ப முதல் அடுத்த அடி வந்துவிடும், அடைப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே வேகமாக ஓடுகிற இதயத்தில்தான் அது கூட வேலை செய்யும். அதோடு, மாரடைப்பில் இரத்தம் கிடைக்காத தசையில் அடைப்பான் விலகாத துருசுகள் அதிகம். லிக்னோகேயினுக்கு அந்த நிலைத் துருசுதான் விருப்பம். நொந்த இடத்தைத் தேடிப் போகிற மருந்து என்றே சொல்லலாம்.

லிக்னோகேயின் என்றால் எல்லோருக்கும் தெரிந்த சரக்கு. பல்லுப் பிடுங்க முன் போடுகிற விறைப்பூசி. நரம்பிலும் இதயத்திலும் உள்ளது ஒரே சாதித் துருசு. ஆனால் பல்லுக்கு வைத்திருக்கிற குப்பியில் அதிரினலின் கலந்திருக்கும். அதை நாளத்தில் ஏற்றக்கூடாது. இதயத்துக்குப் போடுவது அதிரினலின் கலக்காத குப்பி. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறுதலாக. 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 மில்லிகிராம், 2 சதவீதக் குப்பி என்றால் 3 முதல் 4.5 மில்லிலீற்றர். பிறகு துளித்துளியாக நிமிடத்துக்கு 1 முதல் 4 மில்லிகிராம். வாயால் கொடுத்துப் பயனில்லை, ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். ஈரல் பழுதானவருக்கும் இதயம் களைத்தவருக்கும் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். கூடிவிட்டால் உதடு விறைக்கும், காது இரையும், நாக்குத் தடிக்கும், பிறகு வலிப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற உறவினர் “ஐயா கதைக்கிறது தெளிவில்லை” என்று சொன்னால் தாதி ஓடி வருவது அதற்காகத்தான்.

ஒரு பக்கக் கதை. முல்லைத்தீவு, மன்னார்க் கரை ஆக்களுக்குப் பேத்தை மீனைத் தெரியும். அதன் நஞ்சும் இதே சோடியத் துருசைத்தான் அடைக்கிறது. சமைத்தாலும் போகாது. ஆனால் இதயத்துத் துருசின் வாய் கொஞ்சம் வேறு விதமாகச் செய்யப்பட்டிருப்பதால் அந்த நஞ்சு அதில் இலேசில் பிடிக்காது. ஆள் உணர்வோடு கிடப்பார், இதயம் அடிக்கும், மூச்சுத் தசை நின்றுவிடும். நஞ்சு இறங்கும் வரை மூச்சுக் கொடுத்தால் ஆள் தப்பும். மீனை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

1980களில் வைத்தியர்கள் இப்படிக் கணக்குப் போட்டார்கள். மாரடைப்பு வந்து தப்பியவர்களின் ஈசிஜியில் கீழறையிலிருந்து இடைக்கிடை ஓர் உபரி அடி வரும். அப்படி வருபவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். உபரி அடியை அடக்கினால் சாவும் குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிளெக்கைனைட்டும் என்கைனைட் என்ற இன்னொன்றும் அந்த அடிகளை நன்றாக அடக்கின. காஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற அமெரிக்க ஆய்வு, முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, உபரி அடி அடங்கியவர்களை மட்டும் எடுத்தது. கவனியுங்கள், மருந்து வேலை செய்தவர்களை மட்டும். அவர்களில் 755 பேருக்கு மருந்து, 743 பேருக்கு வெறும் குளிசை. சராசரி பத்து மாதம் பார்த்தார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் 26 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 63 பேர். 1989 ஏப்ரலில் அந்த இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள்.

ஈசிஜி அழகாகிவிட்டது, ஆள் செத்துப் போனார். ஏன்? மண்மூடைக்குத் திரும்பி வாருங்கள். மாரடைப்பு வந்த இதயத்தில் வடுவுக்கு நடுவே உயிருள்ள தசை நூல்நூலாகக் கிடக்கும். வளைந்து நெளிந்த வரிசை, சுற்றுக்கு ஏற்ற இடம். அங்கே வேகத்தைக் குறைத்தால் சுற்று நிலைத்துவிடும். வடு இல்லாத, எக்கோ ஸ்கானில் எல்லாம் சரியென்று வந்த இதயத்தில் அதே பிளெக்கைனைட் நல்ல மருந்து. 50 முதல் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, எத்தனையோ பேர் மேலறை நடுக்கம் இல்லாமல் வாழ்கிறார்கள். ஒரே குளிசை, இரண்டு இதயம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகம் தந்த நெஞ்சடிப்புக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதனால்தான். இனியும் சொல்வேன்.

வடு இல்லாத இதயத்திலும் ஒரு பொறி உண்டு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள முடிச்சு கல்சியத்தில் ஓடுவது, சோடியத்தில் அல்ல. அதனால் இந்த மருந்து அதை அதிகம் தொடாது. மேலறை 300 வேகத்தில் சுற்றினால் அந்த முடிச்சு இரண்டுக்கு ஒன்றைத்தான் கீழே விடும், நாடி 150. பிளெக்கைனைட் மேலறையை 200க்குக் குறைக்கிறது என்று வையுங்கள். இப்போது முடிச்சுக்குத் தாக்குப்பிடிக்கும், எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும், நாடி 200! குறைக்கப் போட்ட மருந்து கூட்டிவிட்டது. அதற்காகத்தான் முடிச்சைக் கட்டுகிற பீற்றா தடுப்பியையோ வெரபமிலையோ கூடச் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு குளிசையில் ஒன்று முடிந்து போனால் மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. கிளினிக்குக்குப் போங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இருப்பதைக் கெதியாகச் சொல்கிறேன். பிளெக்கைனைட் கொஞ்சம் சிறுநீரகத்தாலும் வெளியேறுவது. வவுனியாப் பக்கம் சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், அளவு குறைக்க வேண்டி வரும். தொடங்கிய பிறகு ஈசிஜியில் கீழறை அலையின் அகலம் கால்வாசிக்கு மேல் கூடினால் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். குயினிடின் எடுப்பவருக்கு வயிற்றோட்டம் வந்தால் பொட்டாசியம் இறங்கும், அது வேறு ஆபத்தான ஓட்டத்தைக் கிளப்பும். டிஜொக்சின் என்ற இதய மருந்தும் கூட எடுப்பவர் என்றால் அதன் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிற்றிப்டிலினும் கூடினால் இதே துருசை அடைக்கும், அதற்கு மாற்று சோடியம் பைகாபனேற் ஊசி, அதை ஆஸ்பத்திரியில்தான் ஏற்றலாம். படபடப்போடு மயக்கமோ நெஞ்சு நோவோ வந்தால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், வரும்போது எல்லாக் குளிசைப் பைகளையும் கூடவே கொண்டு வாருங்கள், வெறும் உறை என்றாலும் பரவாயில்லை. புருகாடா என்ற பிறவி நெஞ்சடிப்பு நோய் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்ல இருந்தேன், அதற்கு இன்னொரு நாள் அழைப்பார்கள் என்று நினைக்கிறேன். வணக்கம்.