டொமினிக்கன் கரும்புக் குடியிருப்புல வாட்டர் ஃபில்டர்: ஒரு வாரத்துல எது நடக்கும், எது நடக்காது

வணக்கம் மக்களே. வெளிநாட்டுக் காலேஜ்ல படிக்கிற நம்ம பசங்க சிலர் 'சர்வீஸ் லேர்னிங்'னு, அதாவது படிப்போட சேர்ந்த சேவை வேலைக்கு, ஒரு வாரம் கரீபியன் பக்கம் போறீங்க. இன்னைக்கு டொமினிக்கன் ரிபப்ளிக்ல பத்தேய்ல பயோசாண்ட் ஃபில்டர் வைக்கிற வேலையை மட்டும் பார்ப்போம். பயோசாண்ட் ஃபில்டர்னா கான்கிரீட் பெட்டிக்குள்ள ஜல்லியும் மணலும் போட்டு, மேல ஊத்துற தண்ணியை சுத்தம் பண்ற ஃபில்டர். பத்தேய்னா கரும்பு வெட்டுற தொழிலாளிங்க குடியிருப்பு. பெரும்பாலும் ஹெய்ட்டியில இருந்து வந்தவங்க, அவங்க பிள்ளைங்க. 2010 அக்டோபர்ல ஹெய்ட்டியில காலரா ஆரம்பிச்சது, அடுத்த மாசமே எல்லை தாண்டி இங்க வந்துடுச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கான்கிரீட் பெட்டி வார்க்கிற வேலை உங்களுது இல்ல. ஒரு அச்சுல ஒரு நாளைக்கு ஒரு பெட்டிதான் வரும். அதையும் பிரிச்சதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஈரமாவே வச்சு க்யூரிங் பண்ணணும், இல்லன்னா விரிசல் விட்டு ஒழுகும். அதனால அந்த ஊர் கொத்தனாருக்கு கூலி குடுத்து முன்கூட்டியே வார்க்கச் சொல்லணும். காலிப் பெட்டியே 70 கிலோவுக்கு மேல, நாலு பேர் புடிச்சாதான் நகரும்.

உங்க வேலை மணல்ல ஆரம்பிக்குது. 0.7 மி.மீ. சல்லடையில விழுந்த மணல்தான் வேணும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. அரிசி களையற மாதிரி கழுவணும், ஆனா தண்ணி பளிங்கா ஆகற வரைக்கும் கழுவக் கூடாது, பொடி மணலும் சேர்ந்து போயிடும். கண்ணாடி பாட்டில்ல பாதி மணல் போட்டு, தண்ணி ஊத்தி, குலுக்கி வைங்க. 3, 4 செகண்ட்ல கலங்கல் வழியா மணலோட மேல்பரப்பு தெரிஞ்சா போதும்.

அடியில 6-லிருந்து 12 மி.மீ. ஜல்லி 5 செ.மீ., அதுக்கு மேல பொடி ஜல்லி 5 செ.மீ., அப்புறம் மணல் சுமார் 54 செ.மீ. எப்பவும் முதல்ல தண்ணி, அப்புறம் மணல். காய்ஞ்ச பெட்டியில மணலைக் கொட்டினா உள்ள காத்து மாட்டிக்கும்.

இப்ப சொல்றதை ஸ்கேல் வச்சே பாருங்க. தண்ணி வடிஞ்சு நின்னதும் மணலுக்கு மேல 5 செ.மீ. தண்ணி நிக்கணும். அதிகமா இருந்தா கீழ இருக்கிற உயிர்ப்படலத்துக்கு, அதாவது மணல் மேல்பரப்புல வளர்ந்து கிருமியை அழிக்கிற நுண்ணுயிர் அடுக்குக்கு, ஆக்சிஜன் போகாது. குறைஞ்சா அந்த வெயிலுக்கு காய்ஞ்சு செத்துடும். முழுசா நிரப்பி விட்டா நிமிஷத்துக்கு 400 மில்லி வரைக்கும் வரலாம். அதுக்கு மேல வந்தா மணலை அதிகமா கழுவிட்டீங்க. வெளிய வர்ற குழாய்ல ஹோஸோ டேப்போ மாட்டாதீங்க. ஹோஸ் சைஃபன் ஆகி நிக்கிற தண்ணியையும் உறிஞ்சிடும். டேப்பை மூடினா தண்ணி மட்டம் ஏறிடும்.

இவ்வளவு சரியா செஞ்சாலும் அன்னைக்கே ஃபில்டர் ரெடின்னு சொல்ல முடியாது. அந்த உயிர்ப்படலம் வளர 30 நாள் வரைக்கும் ஆகும். நீங்க அதுக்குள்ள ஃபிளைட் ஏறிடுவீங்க. பெரும்பாலான ப்ரோக்ராம் கோட்டை விடறது இங்கதான். பத்தேய் வீடுகள்ல டிரம் தண்ணியில க்ளோரோ, அதாவது ப்ளீச், ஊத்துற பழக்கம் உண்டு. அந்தத் தண்ணியை ஃபில்டர் மேல ஊத்தினா படலமே செத்துடும். க்ளோரின் எப்பவும் ஃபில்டர் ஆன தண்ணியில, மூடி போட்ட தனிக் கேன்லதான். ஃபில்டர்ல தினமும் தண்ணி ஊத்தணும், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மணி நேரம் விடணும், 48 மணி நேரத்துக்கு மேல சும்மா விடக் கூடாது.

இதையெல்லாம் யார்கிட்ட சொல்றீங்கங்கறதும் முக்கியம். வீட்டுல தண்ணி புடிக்கிறது பெரும்பாலும் பாட்டியும் பொண்ணுங்களும். பாட்டிக்கு ஹெய்ட்டியன் க்ரியோல்தான் சரளம்னா, ஸ்பானிஷ் மட்டும் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளரை வச்சு ஒண்ணும் ஆகாது. தலையாட்டுவாங்க, அவ்வளவுதான். செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஒரு லிட்டர் நிரம்ப பத்து நிமிஷத்துக்கு மேல ஆனா, மேல் தண்ணியை உள்ளங்கையால லேசா சுழட்டி, கலங்கினதை மட்டும் மொண்டு வெளிய ஊத்தணும். மணலைக் கிளறக் கூடாது.

ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், வாய்க்கால் தண்ணி சேறா வரும். 2 லிட்டர் பாட்டில்ல புடிச்சு, பெரிய எழுத்து அச்சடிச்ச பேப்பர் மேல வச்சு, பாட்டில் வாய் வழியா மேல இருந்து பாருங்க. எழுத்து தெரியலன்னா முதல்ல தெளிய விட்டுத்தான் ஊத்தணும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம்காரங்ககிட்ட கேளுங்க: நாங்க கிளம்பின 2-வது வாரமும் 5-வது வாரமும் வீடு வீடா போய்ப் பார்க்கறது யாரு, அந்த ஊர் ஆளா, அவருக்கு சம்பளம் உண்டா? "வாலண்டியர் பார்த்துக்குவாங்க"ன்னு மழுப்பினா வேற ப்ரோக்ராம் தேடுங்க.