ரத்தத்தில் தேடிய மனச்சிதைவு

எல்லோருக்கும் வணக்கம்.

மனநலப் பிரிவு வாசலில் காத்திருக்கும் குடும்பங்களின் கையில் பெரும்பாலும் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே மகனின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க டாக்டர், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். சுகருக்கு ரத்தம் எடுக்கிறோம், காசநோய்க்குச் சளி எடுக்கிறோம். காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லும் பையனிடம் மட்டும் உட்கார்ந்து பேசிப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். அந்த ஸ்கேன், மூளையில் கட்டியோ வேறு பாதிப்போ இல்லை என்று பார்ப்பதற்காக எடுத்தது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயைக் காட்டித்தரும் ஸ்கேன் இன்றுவரை கிடையாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

தேடாமல் இல்லை. எழுபது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஆரம்பகாலத் தோல்விகள்தான்.

1957இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்கர்ஃபெல்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பரிசோதனையை அறிவித்தார். நோயாளியின் ரத்தநீரில் ஒரு வேதிப்பொருளைக் கலந்தால் மற்றவர்களின் ரத்தத்தைவிடச் சீக்கிரம் சிவப்பாகிறது என்றார். பெரிய பரபரப்பு. பிறகு பார்த்தால் காரணம் வைட்டமின் சி. அது ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் நிறம் மாறத் தாமதமாகும். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைச் சாப்பாட்டையே சாப்பிட்டவர்களுக்கு அது குறைந்திருந்தது. ஆக, அந்தச் சோதனை கண்டுபிடித்தது நோயை அல்ல, சமையலறையை!

சிறுநீரிலும் இதே கதை. நோயாளிகளிடம் சில அமிலங்கள் கூடுதலாகத் தெரிந்தன. கடைசியில் அது அவர்கள் குடித்த காபியோடு சேர்ந்த விஷயம் என்று தெரிந்தது. அமெரிக்காவின் மூளை ஆராய்ச்சியாளர் சீமோர் கெட்டி 1959இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டார். அதற்குப் பிறகும் 1962இல் நியூயார்க்கிலிருந்து ஓர் 'இளஞ்சிவப்புப் புள்ளி' வந்தது. சிறுநீரை வடிதாளில் ஓடவிட்டால் நோயாளிகளுக்கு மட்டும் அந்தப் புள்ளி விழுகிறது என்றார்கள். உணவு, மருந்து என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் கிளம்ப, அதுவும் நிற்கவில்லை.

நின்றதும் ஒன்று உண்டு. 1976இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டனும் டிம் க்ரோவும் நாள்பட்ட நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள் அவர்களுக்குப் பெரிதாக இருந்தன. இது திரும்பத் திரும்ப உறுதியானது. ஆனால் அது சராசரிக் கணக்கு. தனி ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு இவருக்கு நோய், இவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இரு தரப்பு அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 2005இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த குரங்குகளுக்கு இந்த நோய்க்கான மருந்துகளை ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் அவற்றின் மூளை சுமார் 8 முதல் 11 சதவீதம் சிறுத்திருந்தது. அப்படியானால் பழைய நோயாளியின் படத்தில் நாம் பார்ப்பது நோயையா, மருந்தையா? (இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருந்தை விட்டால் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம்.)

இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் முதல்முறை நோய் வந்தவர்களை, முடிந்தால் ஒரு மாத்திரைகூடப் போடாதவர்களைத் தேடுகிறார்கள். நம் சென்னையில் 1981, 82இல் அரசு பொது மருத்துவமனைக்கு முதல்முறை வந்த 90 பேரை டாக்டர் ஆர்.தாரா குழுவினர் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நோய்ப்பெயர் ஒன்று, போன வழி வேறு வேறு. சிலர் நன்றாகத் தேறினார்கள், சிலருக்கு விட்டு விட்டு வந்தது, சிலருக்கு விடவே இல்லை. இத்தனை பேருக்கும் சேர்த்து ரத்தத்தில் ஒரே அடையாளம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. மரபணுக்களும் அதைத்தான் சொல்கின்றன. 2022இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் மரபணுத் தொகுப்பில் அகப்பட்டன, ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு.

மொத்தக் கும்பலிலிருந்து ஒரு சிறு குழுவைப் பிரித்தெடுத்தால் கதை மாறுகிறது. 2007இல் நரம்பியல் மருத்துவர் ஹோசப் டால்மாவ் அப்படி ஒன்றைப் பிரித்தார். இளம்பெண்கள், திடீர்ச் சந்தேகம், குழப்பம், பிரமை, சில நாளில் வலிப்பு. மனநல வார்டில் சேர்க்கப்பட்ட இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு முதுகுத்தண்டு நீரில் ஓர் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அவர்களின் உடலே மூளையின் ஒரு புரதத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது. பலருக்கு அதற்குத் தூண்டுதல் சினைப்பையில் இருந்த கட்டி. கட்டியை எடுத்து, எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். நெடுங்காலம் தேடிய பரிசோதனை கிடைத்துவிட்டது. கிடைத்த கணமே அந்த நோய் மனச்சிதைவுப் பட்டியலிலிருந்து விலகி நரம்பியலுக்குப் போய்விட்டது.

சரி, மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? என்னைக் கேட்டால், 'நோய் உண்டா இல்லையா' என்பதைவிட இதுதான் பயனுள்ள கேள்வி. 2012இல் லண்டனில், மூளையில் வேதிப்பொருள்களின் வேலையைக் காட்டும் பி.இ.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். மருந்து கேட்டவர்களின் மூளை, டோபமைன் என்ற வேதிப்பொருளை அதிகமாக உற்பத்தி செய்தது. கேட்காதவர்களிடம் அந்த உற்பத்தி நோய் இல்லாதவர்களைப் போலவே இருந்தது. வழக்கமான மருந்துகள் எல்லாம் டோபமைனைத் தடுப்பவை. அது மிகையாக இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் குளோசபின் என்ற மருந்து. 1988இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கேன் நடத்திய ஆய்வில், மற்ற மருந்துகள் பலிக்காதவர்களில் 30 சதவீதம் பேர் குளோசபினில் தேறினார்கள். பழைய மருந்து கொடுக்கப்பட்டவர்களில் தேறியது 4 சதவீதம். அப்படியிருந்தும், இந்த மருந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையலாம் என்ற பயத்தில் அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

பி.இ.டி. ஸ்கேன் எல்லா ஊரிலும் கிடைக்காது. காசு செலவில்லாத அடையாளம் ஒன்று இருக்கிறது: சரியான அளவில் மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியும் கொஞ்சம்கூட மாற்றம் இல்லையென்றால், அதே மருந்து பின்னால் நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு குறைவு. டாக்டரிடம் அந்த இரண்டு வாரத்தை நாள்வாரியாகச் சொல்ல வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும். தூங்கினானா, சாப்பிட்டானா, தனியாகப் பேசுவது குறைந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. குளோசபின் சாப்பிடுபவர் பீடி, சிகரெட் பிடித்தால் அந்தப் புகை கல்லீரலைத் தூண்டி மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும். திடீரென்று புகையை விட்டால் அதே டோஸில் அளவு ஏறி, மயக்கம், வலிப்புவரை போகலாம். நோயைக் காட்ட இல்லாவிட்டாலும், மருந்தின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. அதனால் பையன் எத்தனை பீடி பிடிக்கிறான் என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டால் அதையும் அன்றைக்கே சொல்லுங்கள்.