ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பான் என்றதும் எவ்வளவு குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லேசாகத் தலை தாழ்த்தினால் போதும், வெளிநாட்டுக்காரரிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நமக்கு அடுத்து வருகிறவரை நினைத்து நடக்கிறோமா என்பதைத்தான் கவனிப்பார்கள்.

ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குக் கட்டாயம் போங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான், ஆனால் உடம்பில் துணி இருக்கக் கூடாது. கூச்சமாகத்தான் இருக்கும், சரி, அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சுவரோரமாகக் குட்டி ஸ்டூல்களும் குழாய்களும் வரிசையாக இருக்கும். அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை கொஞ்சமும் இல்லாமல் அலசிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், ஏனென்றால் அதே தண்ணீரில்தான் மற்றவர்களும் ஊறப்போகிறார்கள். கையில் இருக்கும் சின்னத் துண்டைக்கூட நீரில் படவிடாமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளத் தரும் ஸ்லிப்பரோடு, தரையில் விரித்திருக்கும் தத்தாமி என்ற கோரைப் பாயை மிதித்துவிடாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. தகனம் முடிந்ததும் குடும்பத்தார் எலும்புகளைக் குச்சியால் எடுத்து, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றிக் கலசத்தில் சேர்ப்பார்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் அப்படி எதையும் கைமாற்றாதீர்கள். அஸ்தி எடுக்கும் வழக்கமுள்ள நமக்கு இது புரியும்.

தெருவில் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அபூர்வம். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, தொட்டிக்குள் யாரும் ஆபத்தான எதையும் ஒளித்து வைத்துவிடக் கூடாது என்று பல பொது இடங்களில் அவற்றை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு கவர் வைத்துக்கொண்டு குப்பையை அறைக்கே கொண்டுபோங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது கியோட்டோவின் கியோன் பகுதியில் நடந்ததுதான். வேலைக்குப் போகும் மைகோ பெண்களை, அதாவது கெய்ஷா கலைஞராகப் பயிற்சி பெறும் இளம்பெண்களை, சுற்றுலாப் பயணிகள் வழிமறித்து, துரத்தித் துரத்திப் படம் எடுத்தார்கள். பொறுக்க முடியாமல் 2024இல் அந்தப் பகுதிக்காரர்கள், அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். மைகோக்களைப் பார்க்க ஆசையா? ஏப்ரலில் மியாகோ ஓதோரி நடன நிகழ்ச்சி நடக்கும், கியோனின் மைகோக்களே மேடையில் ஆடுவார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பாருங்கள்.