அமில மழையில் நனைந்த ஏரிகளும் 'மேஜிக்' மாதிரியும்

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் நிலக்கரி எரித்து எழுந்த கந்தகப் புகை, காற்றோடு பல நூறு கிலோமீட்டர் சென்று, அமில மழையாக இறங்கித் தெற்கு நார்வேயின் ஏரிகளில் மீன்களை அழித்தது.

அந்த மழையில் பெரும்பகுதி ஏரியில் நேரடியாக விழுவதில்லை. சுற்றியுள்ள சரிவுகளில் விழுந்து, மண்ணில் ஊறிய பிறகே ஏரியை அடைகிறது. ஆகவே ஏரி நீரின் வேதியியலைக் கணிக்க முற்படுபவர் முதலில் மண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1985இல் காஸ்பி, ஹார்ன்பெர்கர் முதலியோர் வெளியிட்ட 'மேஜிக்' என்னும் கணித மாதிரியின் அடிப்படை இதுவே. மண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை அது ஒரு கையிருப்பாகக் கருதுகிறது. அமிலம் வந்து சேரும்போது ஹைட்ரஜன் அயனி மண்ணில் தங்க, அதற்கு ஈடாகக் கால்சியம் விடுபட்டு, அமில மழையில் கந்தகம் தாங்கி வரும் சல்பேட் அயனியோடு வெளியேறுகிறது. பாறை சிதைந்து தரும் வரவை இந்தச் செலவு மிஞ்சும் கருங்கல் நிலங்களில் கையிருப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைய, மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம் மீன்களின் செவுள்களைத் தாக்குகிறது.

எதிர்காலத்தைச் சொல்லும் மாதிரி, கடந்த காலத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலை ஏரிகளில் அந்தச் சோதனை நடந்தது. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளில் ஒவ்வோர் இனமும் தனக்கு உகந்த அமிலத்தன்மையில் செழிப்பதால், ஏரியடிச் சேற்றில் புதைந்த அவற்றின் ஓடுகளைக் கொண்டு பழைய பிஎச் அளவை (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) மதிப்பிடலாம். மாதிரி பின்னோக்கிக் கணித்த பிஎச், ஓடுகள் காட்டியதைவிட அதிகமாக இருந்தது. இலைதழை மட்கி உண்டாகும் கரிம அமிலங்களைக் கணக்கில் சேர்த்த பிறகு இரண்டும் நெருங்கி வந்தன. மாதிரிகள் மீது எனக்குள்ள நம்பிக்கை இத்தகைய திருத்தங்களால் வந்ததே.

அமில மழை நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க, நார்வேயின் ரிஸ்டால்ஷெயாவில் 1984இல் ஒரு சிறு நீர்ப்பிடிப்பு நிலத்தை, மரங்களோடு சேர்த்துக் கூரையிட்டு மூடி, அதனடியில் தூய நீரைத் தெளித்தார்கள். ஓடிவந்த நீரில் சல்பேட் விரைவாகக் குறைந்தது. பிஎச் மட்டும் சிறிதளவே உயர்ந்தது; அங்கும் கரிம அமிலங்களே ஏற்றத்தைத் தடுத்தன.

1994 ஆஸ்லோ உடன்படிக்கை, நிலம் தாங்கும் அளவை அடிப்படையாகக் கொண்டு கந்தகக் குறைப்பை வகுத்தது. மழை தெளிந்தாலும், இழந்த கால்சியத்தைப் பாறை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய மரங்களைக் கிளைகளோடும் இலைகளோடும் காட்டைவிட்டு எடுத்துச் சென்றால், அவற்றிலுள்ள கால்சியமும் போய்விடுகிறது. மீட்சி மேலும் தாமதமாகிறது.