ஆட்ரிபியூட் மெத்தடுகள்: முன்பே உருவாக்கி வைப்பதா, கூப்பிடும்போது பிடிப்பதா?

வணக்கம் நண்பர்களே. திரையில் இருக்கும் கிளாஸை முதலில் பாருங்கள். பெயர் 'சென்சார்'. அதற்குள் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் என்று மூன்று ஆட்ரிபியூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பைத் தரும் ஒரு கெட்டர், மதிப்பை மாற்றும் ஒரு செட்டர். செட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. வந்த மதிப்பு எண்தானா என்று பார்க்கிறது. பழைய மதிப்பிலிருந்து மாறியிருந்தால், அந்த ஆட்ரிபியூட்டின் பெயரை 'மாறியவை' என்ற பட்டியலில் சேர்க்கிறது.

ஆக, ஆறு மெத்தடுகள். வரிசையாகப் படித்துப் பார்த்தால் பெயரைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. நாளைக்கு அந்த எண் சோதனையில் ஒரு திருத்தம் வந்தால் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். ஆட்ரிபியூட் இருபது ஆனால் இருபது இடம். எங்கோ ஒன்று விட்டுப்போகும், எது என்று உடனே தெரியவும் தெரியாது. அதனால்தான் இந்த மெத்தடுகளை நிரலே உருவாக்கிக்கொள்ளும்படி செய்கிறோம். ரூபியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அப்புறம் பைத்தானுக்குப் போகலாம்.

ரூபி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'ஆட்டர் அக்ஸஸர்' எழுதியிருப்பீர்கள். பலர் அதை மொழியின் கீவேர்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு சாதாரண மெத்தட். ரூபியில் கிளாஸ் உடல் என்பது வெறும் அறிவிப்பு கிடையாது, மேலிருந்து கீழே வரிவரியாக ஓடும் நிரல். அந்த ஓட்டத்தின் நடுவில் 'ஆட்டர் அக்ஸஸர்' கூப்பிடப்படுகிறது, அது இந்தக் கிளாஸுக்கு இரண்டு மெத்தடுகளைச் சேர்த்துவிட்டுப் போகிறது. இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அது செய்கிற வேலையை நாமும் செய்யலாம் இல்லையா?

செய்வோம். 'எண் ஆட்ரிபியூட்' என்று ஒரு கிளாஸ் மெத்தட் எழுதுகிறேன். பெயர்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் 'டிஃபைன் மெத்தட்' இரண்டு முறை. முதல் முறை வெறும் பெயர், அது கெட்டர். இரண்டாவது முறை பெயரோடு சமக்குறியை ஒட்டிக் கொடுக்கிறேன், அது செட்டர். எண் சோதனையும் மாறியவை பட்டியலும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. கிளாஸின் மேலே ஒரே வரி: எண் ஆட்ரிபியூட், பக்கத்தில் மூன்று பெயர்கள். ஆறு மெத்தடுகளும் தயார். ஓட்டிப் பார்க்கிறேன். வெப்பநிலைக்கு ஒரு எழுத்துச்சரத்தைக் கொடுத்தால் பிழை எறிகிறது, எண் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. சரி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'டிஃபைன் மெத்தட்' ஒரு பிளாக்கை வாங்குகிறது. அந்த பிளாக், தான் பிறந்த இடத்தில் இருந்த 'பெயர்' என்ற மாறியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதாவது அது ஒரு குளோஷர். ரூபியில் 'ஈச்' சுற்றின் ஒவ்வொரு தடவையும் பிளாக்கின் மாறி புதிதாகப் பிறக்கிறது. அதனால் ஒவ்வொரு மெத்தடுக்கும் தன் சொந்தப் பெயர் கிடைக்கிறது.

இதையே பைத்தானில் அப்படியே எழுதிப் பாருங்கள். ஃபார் லூப், உள்ளே கெட்டர் ஃபங்ஷன், பிறகு 'செட் ஆட்டர்' கொண்டு அதை ஒரு 'பிராப்பர்ட்டி'யாக (ஆட்ரிபியூட் போலப் படித்தால் ஃபங்ஷனை ஓட்டுவது) கிளாஸில் மாட்டுகிறோம். ஓட்டினால் பிழை எதுவும் வராது. ஆனால் வெப்பநிலை கேட்டால் அழுத்தம் வருகிறது. ஈரப்பதம் கேட்டாலும் அழுத்தம். பட்டியலில் கடைசியாக இருந்த பெயருடைய மதிப்பே எல்லாவற்றுக்கும்! காரணம், பைத்தானின் ஃபார் லூப்பில் மாறி ஒன்றுதான். மூன்று ஃபங்ஷன்களும் அதே மாறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கூப்பிடும் நேரத்தில்தான் அதன் மதிப்பை எடுக்கின்றன, அதற்குள் லூப் முடிந்து கடைசிப் பெயரில் நின்றுவிட்டது.

தீர்வு சின்னது. கெட்டரையும் செட்டரையும் உருவாக்கித் தரும் ஒரு தனி ஃபங்ஷன் எழுதுங்கள், பெயரை அதற்கு ஆர்கியூமென்டாக அனுப்புங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தனி மாறி கிடைத்துவிடும். பெயரை டிஃபால்ட் ஆர்கியூமென்டாக வைக்கும் வழியும் உண்டு, ஆனால் படிப்பவருக்கு அது எதற்கு என்று புரியாது. தனி ஃபங்ஷனே நல்லது. இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் ஒரு டிஸ்கிரிப்டர் கிளாஸ், அதாவது ஒரு ஆட்ரிபியூட்டைப் படிப்பதையும் மாற்றுவதையும் தானே கவனிக்கும் கிளாஸ், எழுதுங்கள். பைத்தான் 3.6-இல் இருந்து 'டண்டர் செட் நேம்' இருக்கிறது ('டண்டர்' என்றால் பெயரின் இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு). எந்தப் பெயரில் தன்னை மாட்டியிருக்கிறார்கள் என்பது டிஸ்கிரிப்டருக்கே சொல்லப்படும். லூப்பே தேவைப்படாது.

இப்போது அடுத்த வழி. மெத்தடை முன்பே உருவாக்காமல், இல்லாத மெத்தடைக் கூப்பிடும்போது அந்த அழைப்பைப் பிடித்துப் பதில் சொல்வது. ஸ்மால்டாக்கில் இதற்கு 'டஸ் நாட் அண்டர்ஸ்டாண்ட்' என்று இருந்தது. ரூபியில் 'மெத்தட் மிஸ்ஸிங்', பெர்லில் 'ஆட்டோலோட்', பிஎச்பியில் 'கால்', 'கெட்', 'செட்' என்ற மேஜிக் மெத்தடுகள், பைத்தானில் 'டண்டர் கெட் ஆட்டர்'. எழுதுவதற்கு இதுதான் சுலபம், நான்கே வரி. ஆனால் ஆட்ரிபியூட் பெயர்கள் முன்பே தெரியும் என்றால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏன் என்று காட்டுகிறேன். ரூபியில் 'மெத்தட் மிஸ்ஸிங்' மட்டும் எழுதிவிட்டு, அந்த ஆப்ஜெக்டிடம் 'ரெஸ்பாண்ட் டு' கேட்டால், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று சொல்லும். கூப்பிட்டால் மட்டும் வேலை செய்யும். இந்த முரண்பாட்டைச் சரிசெய்யத்தான் ரூபி 1.9.2-இல் 'ரெஸ்பாண்ட் டு மிஸ்ஸிங்' வந்தது. ஆக ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுதி, இரண்டும் ஒத்துப்போகும்படி எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்கத்தானே ஆரம்பித்தோம்.

பெர்லில் இன்னொரு பொறி. ஆப்ஜெக்ட் அழியும்போது மொழியே 'டெஸ்ட்ராய்' மெத்தடைத் தேடும். நீங்கள் அதை எழுதவில்லை என்றால் அந்த அழைப்பும் 'ஆட்டோலோட்'டுக்குள் வந்து விழும். அதனால்தான் பழைய பெர்ல் நிரல்களில் காலியான ஒரு 'டெஸ்ட்ராய்' எழுதி வைத்திருப்பார்கள்.

பைத்தானில் வருவது இன்னும் மோசம். 'டண்டர் கெட் ஆட்டர்' உள்ளே, மதிப்புகளை வைத்திருக்கும் உள் டிக்ஷனரியைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். சாதாரணமாக எல்லாம் ஓடும். ஒரு நாள் யாரோ அந்த ஆப்ஜெக்டை 'காப்பி' மாட்யூல் கொண்டு நகல் எடுக்கிறார்கள். நகல் எடுக்கும்போது, ஆப்ஜெக்டைத் தொடங்கிவைக்கும் 'இனிட்' ஓடாது, ஆகவே அந்த டிக்ஷனரி இன்னும் பிறக்கவில்லை. நகல் எடுக்கும் நிரல் அந்தக் காலி ஆப்ஜெக்டிடம், மதிப்புகளை நிரப்பும் 'டண்டர் செட் ஸ்டேட்' இருக்கிறதா என்று கேட்கிறது. அப்படி ஒன்றை நீங்கள் எழுதவில்லை என்றால் கேள்வி உங்கள் 'கெட் ஆட்டர்'க்கு வரும். அது டிக்ஷனரியைத் தேடும். அது இல்லை, எனவே அதற்காக மறுபடியும் 'கெட் ஆட்டர்' கூப்பிடப்படும். அது மறுபடியும் தேடும். கடைசியில் ரிகர்ஷன் எரர்தான். இதைத் தவிர்க்க, அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் வந்தால் உடனே ஆட்ரிபியூட் எரர் எறிந்துவிட வேண்டும். முன்பே உருவாக்கிய பிராப்பர்ட்டி என்றால் இந்தப் பேச்சே எழாது.

அப்படியானால் பிடிக்கும் வழி எதற்கு? பெயர்கள் முன்கூட்டியே தெரியாத இடத்துக்கு. வந்த அழைப்பை அப்படியே இன்னொரு ஆப்ஜெக்டுக்கு அனுப்பும் பிராக்ஸிக்கு அதுதான் சரி.

சரி, ரூபிக்குத் திரும்புகிறேன். இந்தப் பகுதியைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் சென்சாரில் ஒரு ஆட்ரிபியூட்டுக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டும். வெப்பநிலையை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டு, மீதியை நாம் உருவாக்கிய செட்டரே பார்த்துக்கொள்ளட்டும். அதற்காக வெப்பநிலை செட்டரைக் கையால் எழுதி, உள்ளே, தேடும் பாதையில் அடுத்திருக்கும் அதே பெயர் மெத்தடுக்குப் போகும் 'சூப்பர்' கூப்பிடுகிறேன். ஓட்டினால் பிழை: சூப்பர் கிளாஸில் அப்படி ஒரு மெத்தட் இல்லையாம்.

உருவாக்கிய மெத்தடும் கையால் எழுதியதும் ஒரே கிளாஸில் இருக்கின்றன. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டது, மேலே போய்த் தேட ஒன்றும் இல்லை. வரிசையை மாற்றிப்போட்டால் இன்னும் ஆபத்து. கையால் எழுதியது சத்தமில்லாமல் போய்விடும், எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால்தான் தெரியும்.

இப்போது இரண்டே வரி மாற்றுகிறேன். கிளாஸில் நேரடியாக மாட்டாமல் ஒரு புதிய மாட்யூல் (மெத்தடுகளின் தொகுப்பு) உருவாக்கி, மெத்தடுகளை அதற்குள் வரையறுத்து, அந்த மாட்யூலைக் கிளாஸில் 'இன்க்ளூட்' செய்கிறேன். மெத்தடைத் தேடும் பாதையில் மாட்யூல் கிளாஸுக்கு அடுத்தபடியாக வருகிறது. கையால் எழுதியது முதலில் ஓடும், 'சூப்பர்' சொன்னால் உருவாக்கியதற்குப் போகும். வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்லை. ரூபியின் வலைச் சட்டகமான ரெயில்ஸில், டேட்டாபேஸைக் கையாளும் ஆக்டிவ் ரெக்கார்டு இதைத்தான் செய்கிறது. டேபிளின் நெடுவரிசைப் பெயர்களிலிருந்து உருவாக்கும் மெத்தடுகளைத் தனி மாட்யூலில் வைக்கிறது. அதனால்தான் உங்கள் மாடலில் ஒரு நெடுவரிசையின் செட்டரை எழுதி 'சூப்பர்' கூப்பிட முடிகிறது. அந்த மாட்யூலுக்கு ஒரு கான்ஸ்டன்ட் பெயரும் கொடுத்துவிடுங்கள். தேடும் பாதையைக் காட்டும் 'ஆன்செஸ்டர்ஸ்' அச்சிடும்போது வெறும் முகவரி வராமல் பெயர் வரும், தேடுகிறவருக்கு வழி தெரியும்.

பெயர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஹேஷ்' என்று ஒரு ஆட்ரிபியூட் வைத்தால், ஆப்ஜெக்டுகளை ஹேஷின் (ரூபியின் டிக்ஷனரி) கீயாக வைக்க ரூபி நம்பியிருக்கும் மெத்தடையே மறைத்துவிடுகிறீர்கள். 'சென்ட்', 'மெத்தட்', 'கிளாஸ்' எல்லாம் இதே கதைதான். உருவாக்கும் முன் அந்தப் பெயர் 'ஆப்ஜெக்ட்' கிளாஸில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே பிழை எறியுங்கள். ஆக்டிவ் ரெக்கார்டும் இப்படித்தான் 'டேஞ்சரஸ் ஆட்ரிபியூட் எரர்' தருகிறது. வெளியிலிருந்து வரும் ஜேசானின் கீகளை எடுத்து மெத்தடுகள் உருவாக்கவே வேண்டாம். பெயர்ப் பட்டியல் உங்கள் நிரலில் இருந்தோ உங்கள் டேட்டாபேஸின் அமைப்பிலிருந்தோ வரட்டும், அனுப்புகிறவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 'வெப்பநிலை செட்டர் எங்கே எழுதியிருக்கிறது' என்று ஃபைல்களில் தேடினால் கிடைக்காது. எடிட்டரின் தானியங்கிப் பரிந்துரையும் பல நேரம் தடுமாறும். ஜாவாவில் லாம்பொக் என்ற லைப்ரரி இந்த வேலையைக் கம்பைல் நேரத்திலேயே முடித்துவிடுகிறது, ஜாவா 16-இல் நிலைபெற்ற 'ரெகார்ட்' மொழியிலேயே வந்துவிட்டது. பைத்தான் 3.7-இன் 'டேட்டாகிளாஸ்' கூட 'இனிட்' மெத்தடை நிரலாக எழுதி, கிளாஸ் உருவாகும்போதே ஓட்டுகிறது. இரண்டு ஆட்ரிபியூட்தான் இருக்கிறது என்றால் கையால் எழுதிவிடுங்கள், எந்தச் சிக்கலும் வேண்டாம்.

சென்சார் நிரலை முழுதாகத் திரையில் விட்டிருக்கிறேன், நிறுத்திவைத்துப் படியுங்கள். படித்ததும், ரூபி வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஐஆர்பி திறந்து, ஒரு சென்சார் ஆப்ஜெக்டிடம் வெப்பநிலை செட்டரை 'மெத்தட்' கொண்டு எடுத்து, அதன் 'ஓனர்' யார் என்று கேளுங்கள். அப்புறம் அதையே ஈரப்பதத்துக்கும் கேளுங்கள். ஒன்றுக்கு கிளாஸ் பெயர் வரும், மற்றதற்கு மாட்யூல் பெயர் வரும். அடுத்த வீடியோவில் இதே மாட்யூலில் 'வெப்பநிலை மாறியதா' என்று கேட்கும் மெத்தடுகளையும் சேர்ப்போம்.